நாலாவது விதிப்படி கழன்ற சக்கரங்கள்

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்த உலகத்தைப் பற்றி எனக்கு, ஆங்கிலத்தில் 'சி' என்ற எழுத்தில் தொடங்குகிற விஷயங்கள் மட்டும்தான் தெரியும். சீனா, சிலி, செஸ், காலரா, ஒட்டகம், காப்பி எதைக் கேட்டாலும் மூச்சுவிடாமல் சொல்வேன். அடுத்த எழுத்தான 'டி'யில் என்ன இருக்கிறது என்று கேட்டால், குடிக்க இருக்கிறது என்பேன். அவ்வளவுதான் நம்ம ஞானம்.

காரணம் இதுதான். இலங்கை மலைநாட்டில், எங்கள் தேயிலைத் தோட்டம் ராகலையைத் தாண்டி உடப்புசல்லாவைக்குப் போகிற வழியில் இருந்தது. ஐம்பதுகளில் பழைய துரை பங்களாவைக் காலிசெய்து சீமைக்குக் கப்பலேறியபோது, பங்களாவில் சமையல் வேலை பார்த்த அப்பு, அலமாரிக் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்த ஒரு தடிப் புத்தகத்தை உருவிக்கொண்டுவந்து எங்கள் வாசிகசாலைக்குத் தானமாகத் தந்தார். கலைக்களஞ்சியம். இருபது புத்தகத்துக்கு மேல் கொண்ட வரிசையாம். மற்றதெல்லாம் அலமாரிக்கு உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால், புதுத் துரைக்காகக் காத்திருந்தன. எங்களுக்கு வாய்த்தது அலமாரிக்கு அடியில் இருந்தது. அது 'சி'.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. எஸ்.எஸ்.சி. பாஸ். தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி வாத்தியார், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த தகர அறை வாசிகசாலைக்குச் செயலாளர், தலைவர், கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாம் நானே. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. (ஒன்றில் மை கிடையாது. சும்மா ஒரு கெத்துக்கு.)

அந்தப் புத்தகத்தில் 'கன்ஃபெடரேஷன்' என்றொரு கட்டுரை இருந்தது. தனித்தனி நாடுகள், தங்கள் தனித்தன்மையை விடாமல், ஒரு காரியத்துக்காகத் தாமாக மனமொத்துச் சேர்ந்துகொள்வது. ஐயோ, அதை நான் படித்த படிப்பு! சுவிட்சர்லாந்திலே மூன்று மலைக் கூட்டத்தார் முதலில் கைகோர்த்தார்களாம். மலை, மூன்று! எனக்கு அப்போதே உடம்பு சிலிர்த்தது. ஒல்லாந்தரின் ஏழு மாகாணங்கள் இருந்தனவாம். சபைக்கு வந்த பிரதிநிதி பெரிய விஷயம் எதையும் தன்னிஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது, ஊருக்குத் திரும்பிப் போய்க் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். என்ன மரியாதை, என்ன நாணயம்! அமெரிக்காவின் ஆதிக்குடிகளில் ஐந்து கூட்டத்தார், தங்களை 'நீள வீட்டுக்காரர்கள்' என்று சொல்லிக்கொண்டார்களாம். ஒரே நீளக் கூரை, உள்ளே வரிசையாகக் குடும்பங்கள். அடடா, இது நம்ம லயம் அல்லவா என்று நான் துள்ளியே விட்டேன். அவர்களுடைய தலைவர்களுக்கு மான்கொம்பு வைத்த கிரீடமாம். தலைவனைத் தேர்ந்தெடுப்பது பெண்கள். அவன் ஒழுங்காக நடக்காவிட்டால் கொம்பைக் கழற்றுவதும் பெண்களே.

இதையெல்லாம் வீட்டில் ஒரு மணிநேரம் விளக்கினேன். என் அப்பா சின்னசாமி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒன்று சொன்னார்.

"ஊரு ஒலகத்து நாட்டையெல்லாம் நீ சேத்து வச்சிரு தம்பி. நமக்குன்னு ஒரு நாடு எதுன்னு மட்டும் கொஞ்சம் கேட்டுச் சொல்லு. விண்ணப்பம் போட்டு எத்தன வருசமாச்சு, ஒரு பதிலக் காணோம்."

அதற்கு என் புத்தகத்தில் பதில் இல்லை. குடியுரிமைக்கும் ஆங்கிலத்தில் 'சி'தான். அந்தப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தேன். எங்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

நிற்க. எங்கள் தோட்டத்தில் மூன்று டிவிசன்கள். மேல், நடு, கீழ். மூன்றுக்கும் சேர்த்து மாரியம்மனுக்கு ஒரே தேர். அதற்கு எட்டு வருடங்களுக்கு முன்னால், முதல் மரியாதை யாருக்கு என்ற சண்டையில் மண்டைகள் உடைந்து, கடைசியில் தேரையே பாகம் பிரித்துக்கொண்டார்கள். தேரின் உடம்பு மேல் டிவிசனுக்கு. நான்கு சக்கரங்களும் நடு டிவிசனுக்கு. இழுக்கிற வடம் கீழ் டிவிசனுக்கு. (சிரிக்காதீர்கள். சத்தியமாக நடந்தது.) அன்றிலிருந்து தேரும் கிடையாது, டிவிசனுக்கு டிவிசன் பெண் கொடுத்து எடுப்பதும் கிடையாது.

இதில்தான் எனக்கு இடி. நாங்கள் மேல் டிவிசன். நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட சிவகாமியோ கீழ் டிவிசன். கொழுந்து எடுக்கிறவள். வாசிகசாலைக்கு வந்து பத்திரிகை படிக்கிற ஒரே பெண். அவள் வருகிற நாட்களில் நான் இரண்டு பேனாவோடு மூன்றாவதும் குத்திக்கொள்வேன். அவளுடைய அப்பா முத்தையா கங்காணி, மீசையிலேயே ஆளை அளக்கிறவர். என் அப்பா தயங்கித் தயங்கிப் பெண் கேட்டபோது அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"தேரு ஓடாத ஊருல என்னாங்க கல்யாணம்? மூணு டிவிசனும் சேந்து தேரு ஓடட்டும். ஆத்தங்கரைக்கு வந்து சேந்த அன்னைக்கே பரிசம் போட்டுக்குவோம். வந்து சேரலையா, அந்தப் பேச்ச அத்தோட விட்டுறணும்."

சிக்கல் எட்டு வருடமாக யாராலும் அவிழ்க்க முடியாதது. ஆனால் என்னிடம் 'சி' இருந்தது.

ஒரு மாதம் மூன்று டிவிசனுக்கும் நடையாய் நடந்தேன். சுவிட்சர்லாந்தைச் சொன்னேன், ஒல்லாந்தைச் சொன்னேன். "யாரும் யாருக்கும் அடங்க வேணாம். ஒங்க பொருள் ஒங்க பொருள்தான். சும்மா கூட்டுச் சேருறோம், அவ்வளவுதான்" என்றேன். ஆச்சரியம், இது பிடித்துப்போயிற்று! அதுவரை எல்லோரும் அவர்களிடம் 'ஒன்றாகிவிடுங்கள்' என்றே சொல்லியிருந்தார்கள். ஒன்றாகாமலே சேரலாம் என்று சொன்ன முதல் ஆள் நான்தான். பள்ளிக்கூடத்தில் மகாநாடு கூடியது. மேல் டிவிசனுக்கு என் அப்பா, கீழ் டிவிசனுக்கு முத்தையா கங்காணி, நடு டிவிசனுக்குக் கருப்பையா. கருப்பையா எட்டு வருடமும் அந்த நாலு சக்கரத்துக்கு எண்ணெய் தடவிப் பிள்ளையாய் வளர்த்தவர். பிரதிநிதிகள் என்று தெரிவதற்காக மூவருக்கும் சிவப்புத் தலைப்பாகை கட்டினேன். மான்கொம்பு கிடைக்கவில்லை.

தேத்தண்ணி கொண்டுவந்த சிவகாமியின் அம்மா ராசம்மா, நான் பேசியதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "கூட்டுன்னா, லீக்சு, கேரட்டு, கெழங்கெல்லாம் போட்டு வைக்கிறமே, அந்தக் கூட்டுதானே?" என்றார்.

"அதேதாங்க! கூட்டுல போட்ட காயி காயாவே இருக்கும். ஒண்ணோட ஒண்ணு கரையாது."

"அப்ப சரி. ஆனா யாராச்சும் கிண்டி விடணுமே தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். கிண்டுவதற்கு என் புத்தகத்தில் ஏற்பாடு இல்லை.

ஒப்பந்தத்தை நான்தான் எழுதினேன். மை உள்ள பேனாவால். முதல் விதி, தேர் திருவிழாவுக்காக மட்டும் ஒன்றுசேரும், அவரவர் பாகம் அவரவர்க்கே சொந்தம். இரண்டாவது, மூன்று டிவிசனும் சம்மதித்தால்தான் எதுவும் நடக்கும். மூன்றாவது, பிரதிநிதி சொந்தமாக முடிவெடுக்கக் கூடாது, தன் டிவிசனுக்குப் போய்க் கேட்டு வந்தே சொல்ல வேண்டும். நாலாவது, எந்த டிவிசனும் எந்த நேரத்திலும் தன் பொருளோடு கௌரவமாக விலகிக்கொள்ளலாம். இந்த நாலாவதை எழுதும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. எவ்வளவு பெருந்தன்மை!

எழுதியதைச் சிவகாமியிடம் காட்டினேன். புத்தகத்துக் கதையெல்லாம் அவளுக்கு முன்பே சொல்லியிருந்தேன். படித்துவிட்டு, "அந்த அஞ்சு கூட்டத்துப் பொம்பளைங்க கதைய ஏன் விட்டுட்டீங்க?" என்றாள்.

"அது... நம்ம ஊருக்குச் சரிப்பட்டு வராது சிவகாமி."

"ஓகோ" என்றாள். அந்த 'ஓகோ'வை நான் கவனித்திருக்க வேண்டும். அதைப்போலவே, கட்டுரையின் கடைசி வரியையும் கவனித்திருக்க வேண்டும். 'இவை ஏன் நிலைக்கவில்லை என்பதற்குப் பார்க்க: ஃபெடரேஷன்' என்று இருந்தது. அதற்கு 'எஃப்' புத்தகம் வேண்டும். அது பங்களாவில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது.

திருவிழா நாள். எட்டு வருடத்துக்குப் பிறகு உடம்பும் சக்கரமும் வடமும் ஒன்றுசேர்ந்து, அம்மன் ஏறி உட்கார்ந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். கருப்பையா சக்கரத்தைத் தொட்டுக் கும்பிட்டு அழுதார். ராகலையிலிருந்து வாடகைக்கு வந்த ஒலிபெருக்கியில் நான், "ஒல்லாந்தைப் போல, சுவிட்சர்லாந்தைப் போல..." என்று முழங்கினேன். தேர் மேல் டிவிசன் கோயிலில் கிளம்பி, நடு டிவிசனில் தேயிலைத் தொழிற்சாலை வாசலைக் கடந்து, கீழ் டிவிசன் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர வேண்டும். மத்தியானம் ஒரு மணிக்கெல்லாம் தொழிற்சாலைக்கு வந்துவிட்டோம். சிவகாமி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். பரிசப் பட்டுக்கு என்ன நிறம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அங்கே கருப்பையா கையைத் தூக்கினார்.

"ஆத்தா எங்க லயத்துப் பக்கம் மொகத்தத் திருப்பி ஒரு பத்து நிமிசம் நிக்கணும்."

என்ன பெரிய விஷயம், பத்து நிமிடம்! என் அப்பா மேல் டிவிசன் சார்பில் தலையாட்டப் போனார். முத்தையா கங்காணி அவர் கையைப் பிடித்தார். "மூணாவது விதி இருக்குங்களே. டிவிசன்ல கேக்காம எப்புடிங்க தலையாட்டுவீங்க?"

இருவரும் புறப்பட்டார்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. இதில் வேடிக்கை என்னவென்றால், மேல் டிவிசன் ஆட்களும் கீழ் டிவிசன் ஆட்களும் அத்தனை பேரும் தேரைச் சுற்றித்தான் நின்றுகொண்டிருந்தார்கள்! ஆனால் விதி 'டிவிசனுக்குப் போய்' என்கிறது. நான் எழுதியது. அடியில் கோடு வேறு போட்டிருந்தேன். ஒன்றரை மைல் இறங்கி ஆளில்லாத லயத்துக்குப் போன கங்காணி, காய்ச்சலில் படுத்திருந்த மாடசாமி என்கிற ஒரே ஆளை எழுப்பிக் கேட்டுவிட்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"அஞ்சு நிமிசம் போதும்னு மாடசாமி சொல்லிட்டாரு."

கருப்பையாவின் முகம் சுருங்கியது. பத்து இல்லாவிட்டால் எட்டு நிமிடமாவது வேண்டும் என்றார். எட்டுக்கு மறுபடி கேட்டு வர வேண்டும். மறுபடி நடந்தார்கள். இந்தத் தடவை மாடசாமி தூங்கிவிட்டாராம், எழுப்ப முடியவில்லையாம். மணி மூன்றரை. தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறி வெளியே வர முடியாமல் தேருக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்தது. பட்டென்று மழை பிடித்துக்கொண்டது.

"போதுமப்பா ஒங்க சங்காத்தம்!" என்று கருப்பையா கத்தினார். "எட்டு நிமிசத்துக்கு வக்கில்ல, இதுல கூட்டாம் கூட்டு! வாத்தியாரு தம்பி, அந்த நாலாவது விதிய வாசிங்க."

"அண்ணே, கொஞ்சம் பொறுங்கண்ணே..."

"வாசிங்கன்னா! மைக்குல வாசிங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

செயலாளன் அல்லவா நான்? வாசித்தேன். மழையில் நனைந்த மைக்கில், மூன்று டிவிசனும் கேட்க, கொழகொழத்த குரலில், 'எந்த நேரத்திலும், தன் பொருளோடு, கௌரவமாக' என்று வாசித்தேன். 'கௌரவமாக' என்ற இடத்தில் மைக் 'கொய்ய்ய்' என்றது. நடு டிவிசன் இளவட்டங்கள் மரக்கட்டையை அண்டைகொடுத்து, ஒரு ஆணி சேதமில்லாமல், கௌரவமாக நாலு சக்கரத்தையும் கழற்றி உருட்டிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார்கள். "அப்ப எங்க வடமும் எங்களுக்கு" என்று கீழ் டிவிசன் வடத்தைச் சுருட்டியது. நடுரோட்டில் நாலு கட்டை மேல் அம்மன் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்துத் துரையின் ஜீப் வந்தது. புதுத் துரை. இறங்கி, தேரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"என்னா மேன் இது? சாமிக்கு சக்கரம் எங்கே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாயில் வந்தது ஆங்கிலம்தான். கன்ஃபெடரேஷன் கலைந்துவிட்டது சார், நாலாவது விதிப்படி விலகிவிட்டார்கள் என்றேன். துரை என் கையிலிருந்த ஒப்பந்தத்தை வாங்கி, தனக்குத் தெரிந்த தமிழில் எழுத்துக்கூட்டிப் பார்த்தார். மீசைக்குள் ஏதோ அசைந்தது.

"யார் சொல்லிக் கொடுத்தது மேன்?"

"புத்தகம் சார். பங்களாப் புத்தகம். சி."

துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜீப்பில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "சி போதாது மேன்! எஃப் படிக்கணும்! எஃப்!" என்றார். துரை சிரித்ததால் மூன்று டிவிசனும் சிரித்தது. எட்டு வருடத்தில் அவர்கள் ஒருமனதாகச் செய்த முதல் காரியம் அதுதான். எனக்கோ தேருக்கடியில் புகுந்து படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. சிவகாமி மட்டும் சிரிக்கவில்லை. அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போதுதான் ராசம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நேரே புருஷனுக்கு முன்னால் போய் நின்றார்.

"தலப்பாவக் கழட்டுங்க."

"என்னாடி?"

"கழட்டுங்கன்னேன். ஆத்தா மழையில நனையுறா. ஒங்களுக்குத் தலப்பா ஒரு கேடா? அண்ணே, நீங்களும். கருப்பையாண்ணே, நீங்களுந்தான்."

மூவரும் திருதிருவென்று விழித்தார்கள். அதற்குள் என் அம்மா என் அப்பாவின் தலையிலிருந்ததை உருவிவிட்டாள். கருப்பையாவின் மனைவிக்கு அந்தச் சிரமமும் வேண்டியிருக்கவில்லை. அவள் பார்த்த பார்வையில் அவரே கழற்றிக் கொடுத்துவிட்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஐயா, மான்கொம்பு! எங்கேயோ அமெரிக்காக் காட்டில் நீள வீட்டுப் பெண்கள் கழற்றிய அதே கொம்பு! ராசம்மாவுக்கு அமெரிக்கா எந்தத் திசை என்றும் தெரியாது.

கொழுந்து நிறைய இருக்கிற காலத்தில் மூன்று டிவிசன் பெண்களும் ஒரே மலையில்தான் நிற்பார்கள். ஒருத்தி கூடை நிறையாவிட்டால் பக்கத்து நிரைக்காரி இரண்டு கை அள்ளிப் போடுவாள். எந்த டிவிசன் என்று கேட்பதில்லை. எட்டு வருடமாக ஆண்கள் முறைத்துக்கொண்டு திரிந்தபோதெல்லாம் அங்கே ஒரு கன்ஃபெடரேஷன் விதியே இல்லாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறது. நான்தான் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மூன்று பெண்களும் வெற்றிலை மடிக்கிற நேரத்தில் பேசி முடித்தார்கள். ராசம்மா அறிவித்தார். "பத்தும் வேணாம் அஞ்சும் வேணாம். மழ விடுற வரைக்கும் ஆத்தா நடு டிவிசன் பக்கமே பாத்துக்கிட்டு நிக்கட்டும். மழ விட்டதும் இழுங்க. இந்தாப்பா, சக்கரத்த மாட்டுங்க."

அம்மனுக்கும் அது பிடித்திருக்க வேண்டும். மழை அரைமணி நேரம் விடவில்லை. கருப்பையா நனைந்துகொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். வெளிச்சம் இருக்கும்போதே தேர் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

என் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப... அந்தப் பரிசம்..." என்று இழுத்தார். முத்தையா கங்காணி வெறுந்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கு ஏதுங்க அதிகாரம்? டிவிசன்ல கேட்டுத்தான் சொல்லணும்" என்று ராசம்மாவைப் பார்த்தார்.

ராசம்மா மகளைப் பார்த்தார். "நீ சொல்லுடி."

சிவகாமி என்னைப் பார்த்தாள். சேறும் மழையுமாக, பையில் மை இருந்த பேனாவெல்லாம் கசிந்து, சட்டையெல்லாம் நீலமாக நின்றுகொண்டிருந்தேன்.

"அந்த நாலாவது விதி எனக்கும் உண்டுன்னா சரி" என்றாள்.

கல்யாணத்துக்குத் துரை ஒரு பரிசு அனுப்பினார். அப்பு சிவப்புக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். 'எஃப்'. நான் ஆசையாகப் பிரிப்பதற்குள் சிவகாமி கேட்டாள், "இதுல வெலகிப் போற உரிமை உண்டா?"

"இருக்காதுன்னு நினைக்கிறேன்."

"அப்ப இது நமக்கு வேணாம்" என்று வாங்கிக்கொண்டுபோய் அலமாரிக் காலுக்கு முட்டுக்கொடுத்துவிட்டாள். எங்கள் அலமாரியும் அந்தப் பக்கம் ஒரு சாண் சாய்வு.

இன்றுவரை எங்கள் வீட்டில் யாரிடம் எதைக் கேட்டாலும், "டிவிசன்ல கேட்டுட்டு வர்றேன்" என்கிறார்கள். பேரப்பிள்ளைகள் பரீட்சையில் கோட்டை விட்டால், "எஃப் படிக்கணும் மேன்!" என்று ஒருவரையொருவர் கேலி செய்கிறார்கள். சண்டை வந்தால் சிவகாமி, "நாலாவது விதி!" என்று சொல்லிப் புடவைகளை மடிக்கத் தொடங்குவாள். மடித்து முடித்ததும் திரும்ப அடுக்கிவைத்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். போகலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகும் ஒருவர் போகாமல் இருக்கிறார் பாருங்கள், அந்தக் காலத்தில் அந்த நாலாவது விதியை எழுதியபோது நான் எதற்காக அழுதேன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கும்.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அலமாரியை நகர்த்தினார்கள். பேரன் 'எஃப்'பை எடுத்துத் தூசி தட்டி, "தாத்தா, ஃபெடரேஷன் பக்கம் இருக்கு. படிக்கவா?" என்றான்.

"வைடா கீழ!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "ஒங்க தாத்தா சி வரைக்கும் படிச்சதுக்கே தேரு நடுரோட்டுல நின்னுச்சு."

புத்தகம் பழைய இடத்துக்கே போயிற்று. அலமாரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது நான்தான்.